மறுவும் கத்தியும்

என் பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்ற தலைப்பின்கீழ் இரண்டு வரிகள் இருக்கின்றன. வலது கன்னத்தில் ஒரு மச்சம். இடது முழங்காலில் ஒரு தழும்பு. வகுப்பாசிரியர் எங்களை வரிசையாக நிறுத்தி, சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி, கழுத்தைத் திருப்பச் சொல்லி, ஒவ்வொருவர் உடம்பிலும் இரண்டு குறிகளைத் தேடிக் கண்டுபிடித்த அந்தப் பிற்பகல் நன்றாக நினைவிருக்கிறது. மச்சம் அகப்படாத பையன்கள் ஏதோ தேர்வில் தோற்றவர்களைப் போலத் தலை குனிந்து நின்றார்கள்.

அந்த முதல் வரி இப்போது உண்மையில்லை. சென்ற ஆண்டு அந்த மச்சத்தை எடுத்துவிட்டேன். சவரக் கத்தி பட்டு இரண்டு முறை இரத்தம் வந்ததுதான் காரணம். அழகு குறித்த கவலை எனக்கு வயது கடந்த ஒன்று. மரத்துப்போக ஓர் ஊசி, ஒரு சிறு வெட்டு, இரண்டு தையல். பத்து நிமிடங்கூட ஆகவில்லை. என்னை யோசிக்க வைத்தது அதற்குப் பிறகு நடந்தது. வெட்டியெடுத்த மிளகளவுத் துண்டை மருத்துவர் குப்பையில் போடவில்லை. ஃபார்மலின் நிரம்பிய சிறு குப்பியில் இட்டு, என் பெயரையும் வயதையும் எழுதி ஒட்டி, ஆய்வகத்துக்கு அனுப்பினார். “எப்படியும் சாதாரண மச்சந்தான். ஆனாலும் பார்த்துவிடுவோம்” என்றார். அந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

முதலில் சொற்களைப் பற்றிச் சிறிது. பிறப்பிலோ பின்னரோ தோலில் தோன்றும் கரும்புள்ளியை மச்சம் என்கிறோம். மறு என்பது பழைய சொல். வள்ளுவர் நிலவின் கறையை அச்சொல்லால்தான் குறிக்கிறார். திருமாலின் மார்பிலுள்ள குறியும் மறுவே. ஒரே சொல் குற்றத்துக்கும் திருவுக்கும் பொருந்தி வருவது கவனிக்கத்தக்கது. கழுத்திலும் அக்குளிலும் சிறு காம்புடன் தொங்கும் தசைத் துணுக்கை மரு என்றும், ஊருக்கு ஊர் பாலுண்ணி என்றும் சொல்கிறார்கள். கிருமியால் வரும் கரடுமுரடான முளைகளுக்கும் இதே பெயர்கள்தாம். மருத்துவம் இம்மூன்றையும் வேறு வேறாகப் பிரிக்கிறது. மக்கள் வழக்கு பிரிப்பதில்லை. இப்போக்கின் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

சுசுருத சம்ஹிதை இவற்றைப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது. எள்ளைப் போல் கறுத்து, வலியின்றி, தோல் மட்டத்திலேயே இருப்பது திலகாலகம். உளுந்தைப் போல் கறுத்து மேலெழுந்து நிற்பது மஷகம். பிறவியிலேயே வருவது ஜதுமணி. ஆணி அடித்தாற்போல் தோலில் நிற்பது சர்மகீலம். இவற்றில் முதல் மூன்றும் ‘க்ஷுத்ர ரோகங்கள்’, அதாவது சிறு நோய்கள் என்ற தொகுதியில் வருகின்றன. சிகிச்சை சுருக்கமானது: கத்தியால் அரிந்தெடுத்து, எஞ்சியதைக் காரத்தாலோ நெருப்பாலோ சுட வேண்டும்.

சிகிச்சை சுருக்கமானாலும் அந்தக் காரத்தைச் செய்யும் முறை ஒரு தனி அத்தியாயம். குறிப்பிட்ட மரங்களை எரித்துச் சாம்பலாக்கி, ஆறு மடங்கு நீரில் கரைத்து, இருபத்தொரு முறை வடிகட்டி, அடுப்பேற்றிக் காய்ச்சி, அதனோடு சுட்ட சங்கும் சுண்ணாம்புக் கல்லும் சேர்க்கிறார்கள். முடிந்த காரத்தை இரும்புக் குடத்தில் வைக்க வேண்டும். வேதியியல் அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மரச்சாம்பலின் மென்காரம் சுண்ணாம்புடன் வினைபுரிந்து தசையைத் தின்னும் கடுங்காரமாக மாறுகிறது. இந்து ரசாயன வரலாற்றை எழுதிய பிரபுல்ல சந்திர ராய் 1902-இல் இப்பகுதியை வியந்து எடுத்துக்காட்டியிருக்கிறார். வியப்புக்குரிய இடம் இன்னொன்றும் உண்டு. காரத்தைத் தடவிவிட்டு நூறு மாத்திரை எண்ணும் நேரம் காத்திருக்கச் சொல்லும் நூல், இடம் கறுத்ததும் புளித்த காடி போன்ற புளிப்புப் பொருள்களால் அதை அடக்கச் சொல்கிறது. உடனே ஒரு மாணவனின் கேள்வி வருகிறது: புளிப்பும் கூர்மையான பொருள்தானே, அது எப்படி எரிச்சலைத் தணிக்கும்? புளிப்போடு சேர்ந்த காரம் தன் கூர்மையை விட்டு இனிமையாகிவிடுகிறது என்று ஆசிரியர் பதில் சொல்கிறார். அமிலமும் காரமும் ஒன்றையொன்று சமன்செய்வதைச் சுவையின் மொழியில் சொன்ன பதில் அது.

நெருப்புக்கும் இதே நுணுக்கம் காட்டப்படுகிறது. தோலளவில் சுடுவதற்குத் திப்பிலி, ஆட்டுப்புழுக்கை, பசுவின் பல், அம்பு நுனி, சலாகை. இன்னும் ஆழத்தில் உள்ள தசைக்கு உலோகக் கருவிகள். நம் சித்த மருத்துவத்தின் புற மருத்துவ முறைகளிலும் காரமும் சுட்டிகையும் இடம்பெற்றிருக்கின்றன.

ஏறக்குறைய அதே காலப் பரப்பில், கி.பி. முதல் நூற்றாண்டு உரோமில், செல்சஸ் தம் மருத்துவ நூலில் தோல் முளைகளை வகைப்படுத்தினார். ஒருவகைக்கு அவர் தரும் கிரேக்கப் பெயர் ‘அக்ரோகார்டான்’. நுனி என்ற சொல்லும் நாண் என்ற சொல்லும் சேர்ந்தது. நாணின் நுனி என்று கொள்ளலாம். கீழே மெலிந்தும் தோலருகே பருத்தும் இருக்கும், அவரையளவைத் தாண்டுவது அரிது, வெட்டினால் வேர் விடாது, மீண்டும் முளைக்காது என்கிறார். இன்றும் கழுத்து மருவுக்குத் தோல் மருத்துவர்கள் எழுதும் பெயர் இதுதான். முகப்புள்ளிகளுக்கு வைத்தியம் செய்வது ஏறத்தாழ அசட்டுத்தனம் என்றும், ஆனால் பெண்களிடமிருந்து தோற்றக் கவலையைப் பறிக்க முடியாதென்றும் வேறோரிடத்தில் சலித்துக்கொள்கிறார். சலித்துக்கொண்டே மருந்துகளையும் சொல்லிவிடுகிறார். ஆண்கள் இவ்விஷயத்தில் கவலையற்றிருந்தார்கள் என்று நம்ப எனக்கு மனமில்லை.

நம் வீடுகளில் நடந்தவை இவற்றிலிருந்து வெகு தூரமில்லை. மருவின் காம்பில் தலைமயிரையோ குதிரைவால் மயிரையோ இறுகக் கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்தி உதிரச் செய்தார்கள். அம்மான் பச்சரிசியைக் கிள்ளி அதன் பாலைத் தடவினார்கள். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கையிட்டார்கள்; இன்றும் இடுகிறார்கள். சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து மச்சத்தின்மேல் வைப்பதும் உண்டு. அந்தக் குழம்பில் உண்டாவது சுசுருதரின் இரும்புக் குடத்தில் இருந்த அதே வகைக் கடுங்காரம். நூறு மாத்திரைக் கணக்கும் புளித்த காடியும் மட்டும் வழியில் எங்கோ தொலைந்துவிட்டன. கன்னத்தில் வெள்ளைக் குழியோடு திரிபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் தொலைந்த அந்தப் பாதியை நினைத்துக்கொள்வேன்.

ஐரோப்பாவில் ஒரு காலத்தில் மரு என்பது உயிர்போகும் விஷயமாக இருந்தது. சூனியக்காரி தன் ஏவல் பேய்க்குத் தன் உடலில் பாலூட்டுகிறாள், அதற்கான காம்பு அவள் உடலின் மறைவிடத்தில் இருக்கும் என்ற நம்பிக்கை பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நீதிமன்றச் சான்றாகவே ஏற்கப்பட்டது. கிழக்கு இங்கிலாந்தில் சூனியக்காரிகளை வேட்டையாடித் திரிந்த மாத்யூ ஹாப்கின்ஸ் 1647-இல் வெளியிட்ட சிறு நூலில், இத்தகைய காம்புகளை மூலமுளை போன்ற இயற்கை வளர்ச்சிகளிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்று வினா விடையாக விளக்குகிறார். தாங்களே முன்வந்து சோதனைக்கு உடன்பட்டு, அதனாலேயே தூக்கில் தொங்கியவர்களும் உண்டென்று அவரே சொல்கிறார். நார்விச்சுக்கு அருகில் வாழ்ந்த ஒரு ரொட்டிக்காரர் அவர்களில் ஒருவர். தன்மீது குறையில்லை என்று நிரூபிக்க நடந்தே போனவரை அவர் உடம்பின் ஏதோ ஒரு துணுக்கு காட்டிக்கொடுத்தது.

இவ்வழக்கு கடல் கடந்து அமெரிக்காவின் சேலத்துக்குப் போனது. (நம் சேலத்துக்கும் அதற்கும் ஒலி ஒற்றுமை தவிர உறவில்லை.) 1692 ஜூன் 2-ஆம் நாள், குற்றஞ்சாட்டப்பட்ட பெண்களை ஓர் அறுவை வைத்தியரின் மேற்பார்வையில் சில பெண்கள் ஆடை களைந்து சோதித்தார்கள். பிரிட்ஜெட் பிஷப், ரெபெக்கா நர்ஸ், எலிசபெத் ப்ராக்டர் ஆகிய மூவரின் மறைவிடத்தருகே இயற்கைக்கு மாறான தசை வளர்ச்சி இருப்பதாகக் காலையில் பதிவாயிற்று. சில மணி நேரம் கழித்து மீண்டும் சோதித்தார்கள். இப்போது பிஷப்பிடம் எதுவுமில்லை. நர்ஸிடம் காய்ந்த தோல் மட்டுமே இருந்தது. இரண்டு பதிவுகளும் இன்றும் இருக்கின்றன. காலையில் பார்த்தது தவறோ என்ற ஐயம் எவருக்கும் எழவில்லை.

ரெபெக்கா நர்ஸுக்கு அப்போது வயது 71. பல பிள்ளைகளைப் பெற்றவர். ஜூன் 28-இல் அவர் நீதிமன்றத்துக்கு அளித்த மனு, இவ்வரலாற்றில் நான் படித்தவற்றுள் மிகக் கண்ணியமான ஆவணம். சோதித்த பெண்களில் மூத்தவரும் தேர்ந்தவருமான ஒருவர் மற்றவர்களோடு உடன்படவில்லை என்று சுட்டிக்காட்டுகிறார். தன் உடலில் உள்ளது பிள்ளைப்பேற்றின் துன்பங்களால் வந்த இயற்கை மாற்றமே என்கிறார். அனுபவமுள்ள வேறு பெண்களை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறார். மறு ஆய்வு கேட்கும் நோயாளியின் குரல் அது. நடுவர்கள் முதலில் குற்றமற்றவர் என்றார்கள். பின் நீதிபதிகள் மீண்டும் யோசிக்கச் சொல்ல, முடிவை மாற்றினார்கள். ஜூலை 19-இல் தூக்கிலிட்டார்கள். அவரைத் திருச்சபையிலிருந்து நீக்கிய தீர்ப்பு 1712-இல்தான் திரும்பப் பெறப்பட்டது.

அதே நூற்றாண்டின் இலண்டனில், வசதியுள்ள பெண்கள் இல்லாத மச்சத்தைக் கறுப்புப் பட்டில் வெட்டி முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். தம் மனைவி முதன்முதலாக அப்படி ஒட்டிக்கொண்ட நாளைச் சாமுவேல் பெப்பீஸ் தம் நாட்குறிப்பில் குறித்திருக்கிறார்: 1660 ஆகஸ்ட் 30. ஐம்பது ஆண்டுகளில் அது அரசியலாகவும் மாறியது. விக் கட்சிப் பெண்கள் ஒரு கன்னத்திலும் டோரி கட்சிப் பெண்கள் மறு கன்னத்திலும் ஒட்டிக்கொள்வதைக் கேலி செய்து 1711-இல் ஜோசப் அடிசன் ஒரு கட்டுரையே எழுதினார். நம் ஊர்க் கட்சிக்கரை வேட்டி நினைவுக்கு வந்தால் பிழையில்லை.

என் சான்றிதழில் உள்ள வரி எங்கிருந்து வந்தது? பாரிஸ் காவல்துறையின் அல்போன்ஸ் பெர்ட்டியோன் 1880-களில் உருவாக்கிய குற்றவாளி அடையாள முறையில், எலும்பு அளவுகளோடு மச்சம், தழும்பு, பச்சை குத்தல் ஆகியவை துல்லியமான இடக்குறிப்போடு பதிவு செய்யப்பட்டன. ஆனால் தமிழர்களைப் பொறுத்தவரை இக்கதை அதற்கும் முந்தியது. 1860-இல் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போயிற்று. அப்படிப் போனவர்களுக்கான கப்பல் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் ஆகியவற்றோடு உடற்குறிகளுக்கும் ஒரு பத்தி இருந்தது. கன்னத்தில் மச்சம், நெற்றியில் தழும்பு என்று எழுத்தர்கள் எழுதிச் சென்றார்கள். தோட்டத்திலிருந்து ஓடிப்போனவனை அடையாளம் காண்பதற்கு அது உதவும். எழுதப் படிக்கத் தெரியாத, ஒரே பெயரைப் பலர் சுமந்த கூட்டத்தில் உடம்பே கையெழுத்தாக இருந்தது. இன்று தம் வேரைத் தேடும் கொள்ளுப்பேரர்களுக்கு மூதாதையின் முகத்தைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே வருணனை, பல நேரங்களில், அந்தப் பத்தியில் உள்ள நாலைந்து சொற்கள்தாம்.

1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பணியகம் தொடங்கியபின் மச்சத்துக்கு அந்த வேலை தேவைப்படாமல் போயிருக்க வேண்டும். ஆனால் நம் பள்ளிக்கூடங்களுக்குச் செய்தி எட்டவில்லை.

இனி அந்த ‘ஆனாலும்’. மச்சத்தை எடுப்பவர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக அறியாதிருந்த ஒன்று, சில மச்சங்கள் கொல்லும் என்பது. கொல்லும் கட்டிகளை அவர்கள் பார்த்திருந்தார்கள்; கட்டியையும் மச்சத்தையும் இணைக்கவில்லை. 1787-இல் இலண்டனின் ஜான் ஹண்டர் ஓர் இளைஞரின் தாடையோரத்தில் மீண்டும் மீண்டும் வளர்ந்த கட்டியை அகற்றி, அதைக் குப்பியில் பாதுகாத்து வைத்தார். அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. 1968-இல் அத்துண்டை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் கரும்புற்று என்று உறுதியாயிற்று. நோய்க்குத் தனிப்பெயர் தந்து பிரித்தவர் பாரிஸின் லெனெக். 1804-இல் ஆற்றிய உரையில் அதை விவரித்தார். மார்பில் வைத்துக் கேட்கும் குழலைப் பின்னர்க் கண்டுபிடித்த அதே லெனெக்தான்.

ஆனால் மச்சத்தோடு முடிச்சுப் போட்டவர் பெரிய நகரத்துப் பேராசிரியர் அல்லர். இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் என்ற சிற்றூரின் பொது மருத்துவர் வில்லியம் நாரிஸ். அவர் 1820-இல் ஒரே ஒரு நோயாளியைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 59 வயதான அம்மனிதரின் வயிற்றில் ஒரு மச்சம் இருந்தது. அதன்மேல் கட்டி எழுந்தது. வெட்டியெடுத்தும் திரும்ப வந்தது. உடலெங்கும் பரவிக் கொன்றது. நாரிஸ் அத்தோடு நிற்கவில்லை. நோயாளியின் தந்தை இதேபோன்ற நோயால் இறந்ததையும், பிள்ளைகளின் உடலில் நிறைய மச்சங்கள் இருப்பதையும் குறித்துக்கொண்டார். இது குடும்பத்தில் இறங்கும் நோயாக இருக்கலாமோ என்று ஐயுற்றார். 37 ஆண்டுகள் பொறுத்திருந்து, 1857-இல் எட்டு நோயாளிகளின் வரலாறுகளோடு நூல் வெளியிட்டார். கட்டியை மட்டும் கிள்ளியெடுத்தால் போதாது, சுற்றியுள்ள நல்ல தசையையும் சேர்த்து அகலமாக வெட்ட வேண்டும் என்றார். மரபணு என்ற சொல்லே பிறவாத காலம். ஒரு மருத்துவர் தம் ஊரில் நெடுங்காலம் இருந்து, அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய், தந்தையையும் மகனையும் பார்த்ததால் கிட்டிய அறிவு இது என்று நினைக்கிறேன்.

சுட்டெரிப்பதன் குறை இப்போது விளங்கும். காரமோ நெருப்போ வேலையை ஒழுங்காகச் செய்தால், பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. எரிந்தது சாதாரண மச்சமா, புற்றின் தொடக்கமா என்று எவரும் சொல்ல முடியாது. புற்றாக இருந்தால், மேலே ஆறிய தோலுக்கு அடியில் அது வளர்ந்துகொண்டிருக்கும். ‘மச்சத்தைத் தொட்டால் புற்றாகும்’ என்ற அச்சம் நம்மிடையே இன்றும் உண்டு. வெட்டுவதால் நல்ல மச்சம் புற்றாவதில்லை. முன்பே புற்றாக இருந்ததை அரைகுறையாகச் சுட்டபின் வந்த சாவுகளே அவ்வச்சத்துக்கு ஊற்றாக இருந்திருக்க வேண்டும். உயிருள்ளவரிடமிருந்து துண்டெடுத்து ஆராய்வதற்கு ‘பயாப்ஸி’ என்று 1879-இல் பெயரிட்ட எர்னஸ்ட் பெனியே, பொருத்தமாகவே, ஒரு தோல் மருத்துவர். 1887-இல் அமெரிக்காவின் எட்வர்ட் கீஸ் வட்டவாயுள்ள சிறு துளைக்கருவியைப் பற்றி எழுதினார். முகத்தில் பதிந்த வெடிமருந்துப் புள்ளிகளைத் தோண்டியெடுக்க அவர் செய்த கருவி, இன்று ஒவ்வொரு தோல் மருத்துவரின் மேசையிலும் ஆய்வுத்துண்டு எடுக்கப் பயன்படுகிறது.

இதற்கிடையில் அழிக்கும் கருவிகளும் பெருகின. 1907-இல் வில்லியம் பூஸி ஒரு சிறுமியின் முகத்திலிருந்த பெரிய கறுத்த மயிரடர்ந்த மச்சத்தைக் கரியமில வாயுவின் பனிக்கட்டியால் உறையவைத்து வெளுக்கச் செய்தார். 1926 அக்டோபர் 1-ஆம் நாள் பாஸ்டனில் ஹார்வி குஷிங், வில்லியம் போவி செய்த மின்கருவியால் ஒரு தலைக்கட்டியை அகற்றினார். மருவைச் சுடும் இன்றைய மின்முனைகள் அதன் வழிவந்தவை. 1950-இல் திரவ நைட்ரஜன் வந்தது. 1964-இல் கரியமில வாயு லேசரை உருவாக்கியவர் பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த குமார் பட்டேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். இப்போது நம் நகரங்களின் அழகு நிலையப் பலகைகளில் மின்னும் ‘லேசர் முறையில் மரு நீக்கம்’ என்ற வரிக்கு அவர்தான் மூலபுருஷர். கழுத்து மருவுக்கு இவை யாவும் ஏற்றவையே. அது புற்றாவது மிக அரிது. அதிகமாகத் தோன்றினால் சர்க்கரையின் அளவைப் பார்ப்பது நல்லது, அவ்வளவுதான். சிக்கல், மரு என்றும் மச்சம் என்றும் பிரிக்காத நாவோடு போய் உட்காரும் வாடிக்கையாளருக்கும், பிரிக்கத் தெரியாத பணியாளருக்கும் நடுவில்தான் இருக்கிறது. நாரிஸ் பார்த்த கரிய மச்சத்தையும் செல்சஸ் பார்த்த நாண் நுனியையும் ஒரே கருவி ஒரே கட்டணத்தில் பொசுக்கிவிடும்.

கறுப்புத் தோலுக்கு இந்நோய் வராது என்பார்கள். குறைவு என்பது உண்மை. வரும்போது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று எவரும் தேடாத இடத்தில் வரும். பாடகர் பாப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் வந்ததைப் பந்தாட்டக் காயம் என்றே முதலில் எண்ணினார்கள். 1977-இல் நோய் உறுதியானபோது விரலை எடுக்க அவர் இசையவில்லை; நகத்தையும் அதன் படுகையையும் மட்டும் அகற்றினார்கள். 1981-இல் இறக்கும்போது அவருக்கு வயது 36. நம் பள்ளிகளில் அங்க அடையாளம் தேடிய ஆசிரியர்கள் எவரும் மாணவனின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

என் குப்பிக்கான அறிக்கை எட்டு நாள்களில் வந்தது. சாம்பல் கலந்த பழுப்பு நிறத் துண்டு, நீளம் 0.5 செ.மீ., அகலம் 0.4 செ.மீ. என்று தொடங்கி, உயிரணுக்களின் அமைப்பை ஐந்து வரிகளில் வருணித்து, தீங்கற்ற மச்சம், ஓரங்களில் மிச்சமில்லை என்று முடிந்தது. மெழுகில் புதைத்த துண்டை ஆய்வகம் சில காலம் வைத்திருக்கும் என்றார் அங்கிருந்த பெண். அறிக்கையை மாற்றுச் சான்றிதழ் இருக்கும் அதே கோப்பில் வைத்தேன். வலது கன்னத்தில் ஒரு மச்சம் என்ற வரியைத் திருத்துவதற்கு எந்த அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும் என்று பள்ளியில் கேட்டேன். எழுத்தர் நிமிர்ந்து என் கன்னத்தைப் பார்த்தார். பிறகு முழங்காலில் தழும்பு இருக்கிறதல்லவா என்று கேட்டார்.